பூச்சியம் இலக்கக் கார்: வில்லியம்ஸ் அணியின் கதை

ஒரு ஞாயிறு பின்னேரம் போர்டிங் அறையில் நாங்கள் ஐந்து பேர் ஒரு லப்டொப்பைச் சுற்றி இருந்து போர்முலா வன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தன் பெராரி, ஒருத்தன் மக்லரன், மற்ற ரெண்டு பேரும் வெர்ஸ்டப்பன் எங்க போறாரோ அங்க. "நீ எந்த ரீம்?" எண்டு என்னைக் கேட்டாங்கள். "வில்லியம்ஸ்" எண்டன். அறையே சிரிச்சுது. "மச்சான், அது இன்னும் ஓடுதா?"

அவங்கள் சிரித்ததில் பிழையில்லை. எங்கட வயதுக்காரர் பார்க்கத் தொடங்கிய காலத்தில் வில்லியம்ஸ் என்றால் கடைசி வரிசை. ஆனால் அன்றிரவு பதில் தேடிப் பழைய படங்களைத் துழாவியபோது ஒரு படத்தில் நின்றுவிட்டேன். 1993ஆம் ஆண்டு. நீலம், மஞ்சள், வெள்ளை நிறத்தில் ஒரு கார். அதன் மூக்கில் எழுதியிருந்த இலக்கம் 0.

அந்தக் காலத்து வழக்கப்படி, நடப்புச் சம்பியனாக இருக்கிற சாரதிக்குத்தான் இலக்கம் 1. 1992இல் வில்லியம்ஸ் காரில் சம்பியனான நைஜல் மான்செல் அடுத்த வருஷம் போர்முலா வன்னிலேயே இல்லை. எனவே 1 என்ற இலக்கத்தைப் போட ஆளில்லை. அணியின் இரு கார்களுக்கும் 0, 2 என்று இலக்கம் கொடுத்தார்கள். விசேஷம் என்னவென்றால், 1994இலும் அதே கதை. 1993இன் சம்பியன் அலான் புரோஸ்டும் போய்விட்டார். மறுபடியும் 0, 2.

உலகத்திலேயே வேகமான காரை வைத்திருந்த ஓர் அணி, இரண்டு வருஷம் தொடர்ந்து தன் சம்பியனை வைத்திருக்க முடியாமல் பூச்சியத்தோடு ஓடியது. இதை வெறும் தற்செயல் என்று விடலாம். ஆனால் அந்த அணியின் முழு வரலாற்றையும் வாசித்துப் பார்த்தால், அந்தப் பூச்சியம் ஒரு கொள்கையின் அடையாளம் போலத் தெரிகிறது. கார்தான் பெரிது, ஆள் இல்லை என்ற கொள்கை. வில்லியம்ஸை மேலே கொண்டுபோனது அதுதான். கீழே இறக்கியதிலும் அதற்குப் பங்குண்டு.

தொலைபேசிக் கூண்டில் ஓர் அலுவலகம்

பிராங்க் வில்லியம்ஸ் 1942இல் இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸில் பிறந்தவர். சாரதியாக வரத்தான் ஆசைப்பட்டார், பெரிதாக வரவில்லை. கார்களையும் உதிரிப்பாகங்களையும் வாங்கி விற்று, 1966இல் சொந்தமாக ஒரு சின்ன நிறுவனம் தொடங்கினார். 1969இல் ஒரு பிரபாம் காரை வாங்கித் தன் நெருங்கிய நண்பர் பியர்ஸ் கரேஜை ஓட்டவிட்டு போர்முலா வன்னுக்குள் நுழைந்தார். அந்த வருஷமே மொனாக்கோவிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம். கையில் காசில்லாத ஒரு தனி ஆளின் அணிக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத பெறுபேறு.

அடுத்த வருஷம், 1970 ஜூன் 21, நெதர்லாந்தின் சாண்ட்வூர்ட் ஓடுபாதையில் கரேஜின் கார் மோதித் தீப்பிடித்தது. கரேஜ் இறந்துபோனார். வயது 28. பிராங்குக்கும் அதே வயதுதான். பிற்காலத்தில் பிராங்க் தன் சாரதிகளிடம் காட்டிய அந்தத் தூரம் இங்கேயிருந்துதான் தொடங்கியது என்பது என்னுடைய வாசிப்பு. நிரூபிக்க முடியாது. ஆனால் கூடவே இருந்த நண்பனை 28 வயதில் தன் காரிலேயே பறிகொடுத்த ஒருவர், அடுத்த சாரதியோடு எப்படிப் பழகுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

எழுபதுகளின் முதல் பாதி முழுக்கக் கடன். கட்டணம் கட்டாததால் தொலைபேசி இணைப்பை வெட்டிவிட, தெருவிலிருந்த பொதுத் தொலைபேசிக் கூண்டில் நின்று அணியின் அலுவல்களைப் பார்த்தார் பிராங்க். இது பகிடி இல்லை, அவருடைய வாழ்க்கையைச் சொல்கிற எல்லாரும் சொல்கிற சம்பவம். 1976இல் வோல்ட்டர் வூல்ஃப் என்ற கனேடியத் தொழிலதிபர் அணியின் பெரும்பங்கை வாங்கினார். கொஞ்ச நாளில், தான் தொடங்கிய அணியிலேயே பிராங்குக்கு வேலையில்லை என்ற நிலை. பங்கை விற்றால் என்ன நடக்கும் என்ற பாடத்தை அவர் அப்போது படித்தார். பிறகு கடைசிவரை அதை மறக்கவில்லை.

1977இல் வெளியே வந்து, டிட்கொட் என்ற சிறிய நகரில் ஒரு பழைய கம்பளக் களஞ்சியத்தை எடுத்து மறுபடி தொடங்கினார். இந்த முறை கூடவே வந்தவர் பற்றிக் ஹெட் என்ற இளம் பொறியியலாளர். காசு தேடுவது பிராங்கின் வேலை, கார் செய்வது ஹெட்டின் வேலை. இன்று நாங்கள் வில்லியம்ஸ் என்று சொல்வது இந்த இரண்டு பேர் தொடங்கியதைத்தான். சவூதி அரேபிய விமான சேவையின் அனுசரணை கிடைத்தது. 1979இல் எஃப்டபிள்யூ07 என்ற கார் வந்தது.

அந்தக் காரின் இரகசியம் அடிப்பக்கத்தில் இருந்தது. காரின் இரு பக்கக் கூடுகளின் கீழ்ப்பரப்பைத் தலைகீழான விமான இறக்கை போல வளைத்தால், கீழே போகும் காற்று வேகமெடுக்கும், அமுக்கம் குறையும், கார் நிலத்தோடு உறிஞ்சி இழுக்கப்படும். வளைவுகளில் வேகத்தை அவ்வளவு குறைக்கத் தேவையில்லாமல் போகும். இந்த யோசனையை முதலில் கொண்டுவந்தது லோட்டஸ் அணி. ஹெட் செய்தது, அதே யோசனையை இன்னும் உறுதியான, நம்பத்தக்க காராக ஆக்கியது.

1979 ஜூலை 14, சில்வர்ஸ்டன். முன்னணியில் ஓடிய அலன் ஜோன்ஸின் கார் பழுதாகி நிற்க, மற்றக் காரிலிருந்த 39 வயது கிளே ரெகசோனி வில்லியம்ஸின் முதல் வெற்றியைக் கொண்டுவந்தார். சவூதி அனுசரணையாளருக்கு மரியாதையாக, மேடையில் ஷம்பெயினைத் தவிர்த்தார். அந்தப் பருவம் முடிந்ததும் அவரை விட்டுவிட்டு, கார்லோஸ் ரொய்ட்டமனை எடுத்தார்கள். முதல் வெற்றி தந்த சாரதிக்கே நிலைமை அதுதான். 1980இல் வேறோர் அணிக்காக ஓடிய ரெகசோனி, லோங் பீச்சில் நடந்த விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார்.

முதலாளி இல்லாமலும் ஓடும் அணி

1980இல் ஜோன்ஸ் உலகச் சம்பியன். அணிக்கான உலகப் பட்டமும் அதே வருஷம். 1981இல் அணிப்பட்டம் மறுபடி, ஆனால் ரொய்ட்டமன் ஒரேயொரு புள்ளியால் சாரதிப் பட்டத்தைத் தவறவிட்டார். 1982இல் 16 போட்டிகளில் 11 வெவ்வேறு சாரதிகள் வென்ற ஒரு விசித்திரப் பருவத்தில், ஒரேயொரு வெற்றியோடு கெகே ரொஸ்பேர்க் சம்பியனானார்.

அடுத்து ஹொண்டாவின் டேர்போ எஞ்சின் வந்தது. 1986 பருவத்துக்கு மான்செல், நெல்சன் பிக்கே என்று இரண்டு பெரிய சாரதிகள். எல்லாம் சரியாகப் பொருந்தியிருந்த நேரம், மார்ச் 8ஆம் திகதி, பிரான்ஸின் போல் ரிக்கார்ட் ஓடுபாதையில் சோதனை ஓட்டத்தைப் பார்த்துவிட்டு நீஸ் விமான நிலையத்துக்கு அவசரமாக வாடகைக் காரில் போனார் பிராங்க். வழியில் கார் பாதையை விட்டு விலகிப் புரண்டது. முள்ளந்தண்டு சிதைந்தது. நெடுந்தூர ஓட்டத்தில் பைத்தியமாக இருந்த மனிதர், அதன்பின் எழுந்து நடக்கவேயில்லை. கைகளும் பெரும்பாலும் இயங்கவில்லை.

விபத்து நடந்து 15 நாளில், மார்ச் 23, பிரேசிலில் பருவத்தின் முதற் போட்டி. பிக்கே வென்றார். வில்லியம்ஸ் கார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். அணியின் பெயரே அவருடைய பெயர். அவர் உயிரோடு திரும்புவாரா என்றே தெரியாது. ஆனாலும் ஹெட் அணியை நடத்தினார், கார் ஓடியது, வென்றது. யூலையில் பிராண்ட்ஸ் ஹட்சில் மான்செலும் பிக்கேயும் முதலிரு இடங்களையும் எடுத்தபோது, அணிக்கான கிண்ணத்தை மேடையேறி வாங்கியவர் பிராங்கின் மனைவி வேர்ஜினியா. அந்த வருஷம் அணிப்பட்டம் வில்லியம்ஸுக்கே. ஆளைவிடக் கார் பெரிது என்ற கொள்கை, அதைக் கொண்டுவந்தவரின் உடம்பிலேயே பரீட்சிக்கப்பட்டு சரியென்று நிறுவப்பட்ட மாதிரி.

ஆனால் அதே வருஷம் அந்தக் கொள்கையின் விலையும் தெரிந்தது. இரண்டு சாரதிகளில் எவரையும் முதலாமவர் என்று அணி வைக்கவில்லை. மான்செலும் பிக்கேயும் ஒருவர் புள்ளியை ஒருவர் பறித்தார்கள். கடைசிப் போட்டி அடிலெய்டில். மான்செலுக்கு மூன்றாம் இடம் போதும். முழு வேகத்தில் போகையில் பின் டயர் வெடித்துச் சிதறியது. எச்சரிக்கையாக பிக்கேயையும் டயர் மாற்ற உள்ளே கூப்பிட்டார்கள். பட்டம் மக்லரனின் புரோஸ்டுக்குப் போனது, மான்செலைவிட இரண்டு புள்ளி அதிகம். 1987இல் பிக்கே சம்பியனாகி, உடனே லோட்டஸுக்குப் போனார், இலக்கம் 1ஐயும் எடுத்துக்கொண்டு. ஹொண்டாவும் போனது. 1988இல் ஹொண்டா எஞ்சினோடு மக்லரன் 16 போட்டிகளில் 15ஐ வென்றது. வில்லியம்ஸ் ஒன்றும் வெல்லவில்லை.

கணினி பிடித்த கார்

1989இல் ரெனோ எஞ்சின் வந்தது. 1990இல் ஏட்ரியன் நியூவி என்ற காற்றியக்க வடிவமைப்பாளர் வந்தார். ஹெட்டின் கட்டுறுதியும் நியூவியின் வடிவ அறிவும் சேர்ந்து பிறந்ததுதான் 1992இன் எஃப்டபிள்யூ14பி.

சாதாரண காரில் பிரேக் பிடித்தால் மூக்குக் குனியும், வேகமெடுத்தால் நிமிரும். குனிந்து நிமிரும்போது காற்றின் பிடி மாறிக்கொண்டேயிருக்கும். இந்தக் காரில் ஒவ்வொரு சக்கரத்தின் ஏற்ற இறக்கத்தையும் கணினியும் ஹைட்ரோலிக் அமுக்கமும் கட்டுப்படுத்தின. கார் எப்போதும் நிலத்திலிருந்து ஒரே உயரத்தில், நீர்மட்டம் வைத்த மாதிரி. மான்செல் முதல் ஐந்து போட்டிகளையும் வென்றார். 16 போட்டிகளில் 14இல் முதலிடத்திலிருந்து புறப்பட்டார், 9 வெற்றி. ஓகஸ்டில் ஹங்கேரியிலேயே பட்டம் முடிந்துவிட்டது, இன்னும் ஐந்து போட்டி மிச்சம்.

அப்படிப்பட்ட சம்பியனோடு புது ஒப்பந்தப் பேச்சு முறிந்தது. அடுத்த வருஷத்துக்குப் புரோஸ்ட் வருகிறார் என்பதும் காசுக் கணக்கும் சேர்ந்து மான்செலை அமெரிக்காவின் இண்டிகார் பக்கம் அனுப்பின. புரோஸ்ட் வந்தார், 1993இல் சம்பியனானார். 1994க்கு அயர்டன் செனா வருகிறார் என்றதும், மக்லரனில் அவரோடு பட்டது போதும் என்று ஓய்வுபெற்றார். இப்படித்தான் மூக்கில் அந்தப் பூச்சியம் வந்தது. எந்தச் சாரதி இருந்தாலும் கார் வெல்லும் எண்டால், சாரதிக்காக ஏன் வளைந்து கொடுக்கவேண்டும்? பிராங்கின் கணக்கு அதுவாகத்தான் இருந்திருக்கவேண்டும். அந்த இரண்டு வருஷமும் கணக்குப் பிழைக்கவில்லை.

இமோலா

1994இல் விதிகள் மாறின. கணினி உதவிகள் தடை. அவற்றை நம்பியே வளர்ந்த அணிக்கு அது பெரிய அடி. புதிய கார் நிலையில்லாமல் ஆடியது. அந்தக் காரைத்தான் செனாவிடம் கொடுத்தார்கள். முதல் மூன்று போட்டிகளிலும் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். ஒன்றையும் முடிக்கவில்லை.

மூன்றாவது போட்டி இமோலா. சனிக்கிழமை தகுதிகாண் சுற்றில் ஒஸ்திரியச் சாரதி ரோலண்ட் ரட்சன்பேர்கர் இறந்தார். மே 1, ஞாயிறு. 7ஆவது சுற்றில் தம்புரெல்லோ வளைவில் செனாவின் கார் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. செனாவின் காருக்குள் ஓர் ஒஸ்திரியக் கொடி இருந்தது. வென்றால் ரட்சன்பேர்கருக்காகப் பிடிக்க வைத்திருந்தது.

ஸ்டியரிங் தண்டு உடைந்திருந்தது. செனாவுக்கு இடம் போதவில்லை என்று அதை வெட்டி ஒட்டி மாற்றியிருந்தார்கள். உடைந்ததால் மோதியதா, மோதியதால் உடைந்ததா என்பது இன்றுவரை விவாதம். இத்தாலிய நீதிமன்றங்களில் வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. பிராங்க், ஹெட், நியூவி மூவரும் குற்றஞ்சாட்டப்பட்டோரில் இருந்தார்கள். முதலில் எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். 2007இல் உயர் நீதிமன்றம் தண்டின் மாற்றத்துக்கு ஹெட்டைப் பொறுப்பாகக் கண்டது, ஆனால் சட்டத்தின் கால எல்லை கடந்திருந்ததால் தண்டனை இல்லை.

நான் சொல்ல வருவது வழக்கைப் பற்றியில்லை. அதே மாதம் ஸ்பெயினில் டேமன் ஹில் அதே அணிக்காக வென்றார். அந்தப் பருவ முடிவில் அணிப்பட்டம் மறுபடி வில்லியம்ஸுக்கே. அடிலெய்டில் மைக்கல் ஷூமாக்கரோடு மோதி, ஒரு புள்ளியால் ஹில் சாரதிப் பட்டத்தை இழந்தார். இயந்திரம் நிற்கவில்லை. ஆனால் 1995 முதல் 2021 வரை, வில்லியம்ஸின் ஒவ்வொரு காரிலும் செனாவின் 'எஸ்' இலச்சினை சின்னதாக ஒட்டப்பட்டிருந்தது. வென்ற ஏழு பட்டங்களின் சொந்தக்காரர் ஒருவருக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. அணிக்காக ஒரு புள்ளிகூட எடுக்காத மனிதனின் அடையாளத்தைத்தான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சுமந்தார்கள். ஆள் முக்கியமில்லை என்று ஓடிய அணி, தனக்குத் தெரிந்த ஒரே வழியில், காரில் ஒட்டி, அதை மறுத்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாற்ற முடியாத ஆள்

1996இல் ஹில் சம்பியனானார். அந்தப் பருவம் முடிய முன்னரே, அடுத்த வருஷத்துக்கு நீ இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இலக்கம் 1 அரோஸ் என்ற சின்ன அணிக்குப் போனது. 1997இல் ஜாக் வில்னுவ் சம்பியன். பிக்கே, மான்செல், புரோஸ்ட், ஹில் என நான்கு சம்பியன்கள் பட்டம் வென்ற அடுத்த வருஷமே வில்லியம்ஸில் இல்லை. 1980 முதல் 1997 வரை 18 பருவங்களில் 9 அணிப்பட்டங்கள். பாதிக்குப் பாதி. யார் போனாலும் பரவாயில்லை என்று சொல்ல அவர்களிடம் ஆதாரம் இருந்தது.

அந்த நேரம் நியூவி போனார். அவர் கேட்டது சம்பளம் மட்டுமில்லை. அணியில் ஒரு பங்கு, முடிவுகளில் ஒரு குரல். 1977இன் பாடத்தைப் படித்த பிராங்க், பங்கைப் பிரிக்க விரும்பவில்லை. நியூவி மக்லரனுக்குப் போனார், 1998இலும் 1999இலும் மிகா ஹக்கினன் மக்லரனில் சம்பியனானார். வில்லியம்ஸ் 1997க்குப் பிறகு இன்றுவரை ஒரு பட்டமும் வெல்லவில்லை.

கொள்கையின் ஓட்டை இங்கேதான். கார்தான் பெரிது, சரி. அந்தக் கார் யார்? நியூவியின் தலைக்குள் இருந்ததுதான் கார். சாரதியை மாற்றிப் பழகிய கை, வடிவமைப்பாளரையும் அதே கணக்கில் போட்டுவிட்டது.

2000இல் பிஎம்டபிள்யூ எஞ்சினோடு ஒரு நல்ல காலம் வந்தது. ஆறு பருவங்களில் 10 வெற்றி. பிஎம்டபிள்யூ அணியையே வாங்க விரும்பியது. பிராங்க் விற்கவில்லை. அவர்கள் 2005இல் சௌபர் அணியை வாங்கிக்கொண்டு போனார்கள். பெராரி, டொயோட்டா, ரெனோ, ஹொண்டா என்று கார்க் கம்பனிகள் காசைக் கொட்டிய காலத்தில், வில்லியம்ஸ் எஞ்சினைக் காசுக்கு வாங்கும் தனிக்கடையாக நின்றது. இந்தக் காலத்தில்தான் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெயரும் வருகிறது. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணியில் ஓடிய இந்தியாவின் முதல் போர்முலா வன் சாரதி, 2006, 2007 ஆண்டுகளில் வில்லியம்ஸின் சோதனைச் சாரதியாக இருந்தார்.

2012 மே மாதம் ஸ்பெயினில் பாஸ்டர் மல்டொனாடோ ஆச்சரியமாக ஒரு போட்டியை வென்றார். அது அணியின் 114ஆவது வெற்றி. அன்றைக்கே அணியின் கராஜில் தீப்பிடித்தது. அதன்பிறகு வெற்றி இல்லை. 2019இல் முழுப் பருவத்திலும் ஒரு புள்ளி. 2020இல் அதுவும் இல்லை. மூக்கில் இருந்த பூச்சியம் இப்போது புள்ளிப்பட்டியலில் இருந்தது.

அந்த 2020 ஓகஸ்டில், அணியை நடத்திவந்த மகள் கிளேயரும் குடும்பமும் டொரில்டன் கப்பிட்டல் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு அணியை விற்றார்கள். செப்டெம்பரில் மொன்சா குடும்பத்தின் கடைசிப் போட்டி. 2021 நவம்பர் 28இல் பிராங்க் காலமானார். 79 வயது. அதில் 35 வருஷம் சக்கர நாற்காலியில்.

2023இல் தலைமைக்கு வந்த ஜேம்ஸ் வௌல்ஸ் சொன்ன ஒரு விஷயம் பரவலாகப் பேசப்பட்டது. காரின் கிட்டத்தட்ட 20,000 உதிரிப்பாகங்களின் கணக்கு ஓர் எக்செல் தாளில் இருந்ததாம். 1992இல் காரின் சக்கரங்களையே கணினிக்கு ஒப்படைத்து உலகத்தை வென்ற அணி அது. வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காசு இல்லாமல், ஆனால் யாரிடமும் கைநீட்டாமல் ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களின் கூரையில் ஓட்டை விழுவது இப்படித்தான்.

இப்போது அணி கொஞ்சம் கொஞ்சமாக எழும்புகிறது. 2025இல் கார்லோஸ் சைன்ஸ் பாகுவில் மூன்றாம் இடம் எடுத்தார். அன்றைக்கு அறையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"வில்லியம்ஸ் ஏன் விழுந்தது?" என்று என்னிடம் கேட்டால், காசு என்று மட்டும் சொல்லமாட்டேன். யாரையும் நம்பியிராத அணி ஒன்றைக் கட்டவேண்டும் என்று பிராங்க் நினைத்தார், கட்டினார். தான் வீழ்ந்த அன்றும் அது ஓடியது. அந்தப் பெருமையை அவரிடமிருந்து எவரும் எடுக்கமுடியாது. ஆனால் "ஒருவர் போனால் இன்னொருவர்" என்று ஒரு குழு நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தால், ஒருநாள் போகக்கூடாத ஆளும் அதே கதவால் போவார். அன்றைக்கு அது யார் என்று எவருக்கும் தெரிவதில்லை. நாலைந்து வருஷம் கழித்து, புள்ளிப்பட்டியலைப் பார்த்துத்தான் தெரியும்.